அட்டிக்கிற்குள் தலையை விடாமல் கையெழுத்துப் போடாதீர்கள்

எங்கள் வீட்டு அட்டிக்கின், அதாவது கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில் உள்ள வெற்றிடத்தின், வாசல் படுக்கையறை உடுப்பு அலுமாரிக்குள் இருக்கிறது. கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1970களில் கட்டிய பங்களோ. வாங்கி இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு கம்பனியைப் பிடித்து, ஆர்-60 அளவுக்கு (ஆர் எண் கூடக் கூட சூடு வெளியே போவது குறையும்) இன்சுலேஷன், அதாவது சூட்டைத் தடுக்கும் பஞ்சு, ஊதச் சொன்னேன். வேலை முடிந்ததும் பெடியன் ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, ரோச் அடித்துக் காட்டினான். வெள்ளைப் பஞ்சு மலை மாதிரிக் குவிந்து கிடந்தது, அளவு நாடாவை விட்டுப் பார்த்தால் இருபது அங்குலத்துக்கு மேல். மனம் குளிர்ந்து காசைக் கொடுத்து அனுப்பினேன். தை மாதம் வந்தது, மூலை அறையில் குளிர் போகவேயில்லை, காஸ் பில்லும் பெரிதாக இறங்கவில்லை. பிறகு வேறொரு ஆளைக் கூப்பிட்டு உள்ளே தவழ்ந்து போய்ப் பார்க்கச் சொன்னபோதுதான் விஷயம் வெளித்தது. மலை இருந்தது வாசலைச் சுற்றி ஆறேழு அடிக்கு மட்டும், அங்காலே போகப் போக மெலிந்து, கடைசி மூலையில் பழைய நான்கு அங்குலப் பஞ்சுக்கு மேல் புதியதைத் தூவிவிட்ட மாதிரி.

சமையலறைக் கதவு கோணலாக இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும், குழாய் ஒழுகினால் அடுத்த நாள் தெரியும். இன்சுலேஷனில் பிழை விட்டால் தெரிய ஒரு குளிர்காலம் போக வேண்டும், சில வேளை வீட்டை விற்கப் போகும் வரைக்கும் தெரியாது. மூடியைத் திறந்து பார்க்கிற வீட்டுக்காரர் பத்தில் ஒருவர்கூட இருக்கமாட்டார் என்பது இந்தத் தொழிலில் கள்ளம் செய்கிறவர்களுக்கு வடிவாகத் தெரியும். ஒன்ராறியோவில் புதிதாக வீடு வாங்கியவர்கள், வாங்கப் போகிறவர்களுக்காக நான் பட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் கதவு

கதவைத் தட்டி வருகிறவர்கள் பல மாதிரி. ஒருவர் கழுத்தில் அட்டை தொங்கவிட்டு "அரசாங்கத் திட்டத்தில் இருந்து வருகிறோம்" என்பார். இன்னொருவர் காஸ் கம்பனி ஆள் மாதிரி நின்று பில்லைக் காட்டச் சொல்வார். பில்லைக் காட்டாதீர்கள், அதில் உங்கள் கணக்கு இலக்கம் இருக்கிறது. மூன்றாவது வகைதான் எங்கள் ஆக்களுக்கு மிகவும் ஆபத்து: "அண்ணை தமிழோ, ஊரிலே எவ்விடம்?" என்று தொடங்குவார், பக்கத்து ஊர் என்று வந்துவிடும், தேத்தண்ணி வைப்போம், அரை மணித்தியாலத்தில் டாப்லெட்டில் கையெழுத்துக் கேட்பார். ஊரைக் கேட்டுவிட்டு எப்படி இல்லை என்று சொல்வது என்கிற கூச்சம்தான் அவருடைய மூலதனம்.

சட்டத்தில் ஒரு ஓட்டை இருப்பதைத் தெரிந்துவைத்திருங்கள். 2018 மார்ச்சில் இருந்து ஒன்ராறியோவில் ஃபேர்னஸ் (வீட்டுச் சூடாக்கி), ஏசி, தண்ணீர் சூடாக்கி, தண்ணீர் வடிகட்டி, டக்ட் (காற்றுக் குழாய்) சுத்தம் செய்வது மாதிரியானவற்றை, நீங்கள் கூப்பிடாமல் வீட்டுக் கதவில் வந்து விற்று ஒப்பந்தம் போட முடியாது. அந்தப் பட்டியலில் இன்சுலேஷன் இல்லை. அதனால் இதை விற்க இன்னமும் கதவைத் தட்டலாம். ஆனால் வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட, 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் என்றால், அதன் எழுத்துப் பிரதி உங்கள் கைக்கு வந்து 10 நாளுக்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் ரத்துச் செய்யலாம். அதனால்தான் சிலர் "நாளைக்கே ஆள் வரும், இன்றைக்கு முடிவெடுத்தால் 1,500 டொலர் குறைவு" என்று அவசரப்படுத்துவது. பத்து நாள் போகட்டும் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

போனில் பூஞ்சணப் படம் காட்டுகிறவரும் உண்டு. "இலவசமாகப் பார்த்துச் சொல்கிறேன்" என்று மேலே ஏறி, இறங்கி வந்து, கறுத்துப்போன பலகைப் படத்தைக் காட்டி, பிள்ளைகளுக்கு இழுப்பு வரும் என்று பயம் காட்டுவார். அது உங்கள் வீட்டுப் பலகைதான் என்பதற்கு என்ன சாட்சி? ஏறும்போதே அலுமாரியில் இருந்து வீடியோவைத் தொடங்கி, நிறுத்தாமல் உள்ளே வரை எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வாசலைக் காட்டுங்கள், அட்டிக் வாசலை அல்ல.

வெளியில் நின்று பார்ப்பது

ஸ்னோ கொட்டி இரண்டு நாள் கழித்து, வெயில் ஏறுவதற்கு முன் தெருவில் நின்று கூரைகளைப் பாருங்கள். ஒரே காலத்தில் கட்டிய வீடுகளில் உங்கள் கூரை மட்டும் திட்டுத் திட்டாக உருகியிருந்தால், அந்தத் திட்டுக்குக் கீழே சூடு மேலே போகிறது. கூரை ஓரத்தில் தடித்த ஐஸ் கட்டி, பெரிய ஐஸ் ஊசிகள் தொங்கினால் அதுவும் அதே கதை. மேலே உருகிய தண்ணீர் குளிர்ந்த ஓரத்தில் உறைந்து அணை கட்டுகிறது, பின்னால் வரும் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் புகுந்து சீலிங்கில் மஞ்சள் வட்டமாக இறங்குகிறது. இதற்குக் காசு ஒன்றும் இல்லை, ஜாக்கெட் மட்டும் போதும்.

உள்ளே தலையை விடுவது

பழைய உடுப்பு, நல்ல முகக்கவசம், ரோச், அளவு நாடா. கால் வைப்பதானால் மரச் சட்டத்தின் மேல் மட்டும். நடுவில் இருப்பது அரை அங்குல ட்ரைவோல், மிதித்தால் படுக்கையறைக்குள் இறங்குவீர்கள். ஏலாது என்றால் ஏணியில் நின்று தலையை மட்டும் விட்டாலே பாதி விஷயம் தெரியும்.

ஆனால் ஒன்று. சின்னக் கூழாங்கல் மாதிரி, சாம்பலும் பொன்னிறமும் கலந்து, மடிப்பு மடிப்பாக மினுங்குகிற சரக்கு பரவிக் கிடந்தால், தொடாமல் மெதுவாக மூடியைப் போட்டுவிட்டு இறங்குங்கள். அது வெர்மிகியூலைட் ஆக இருக்கலாம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லிபி என்ற இடத்துச் சுரங்கத்தில் இருந்து 1990 வரை வந்த சரக்கில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது, கனடாவிலும் சொனொலைட் என்ற பெயரில் ஏராளமான வீடுகளில் கொட்டினார்கள். ஆய்வுகூடப் பரிசோதனை முடியும் வரை அதைக் கிளறக் கூடாது. "அதற்கு மேலேயே ஊதிவிடலாம் அண்ணை, ஒன்றும் செய்யாது" என்று சொல்கிற ஆளை அப்படியே அனுப்பிவிடுங்கள். பழைய ரொறன்ரோ வீடுகளில், 1950க்கு முந்தியவற்றில், பீங்கான் உருளையில் ஓடுகிற வயர் தென்பட்டாலும் நிறுத்துங்கள். அதைப் பஞ்சால் மூடினால் வயரின் சூடு வெளியே போக வழியில்லை. முதலில் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீசியன் பார்க்க வேண்டும், காப்புறுதிக் கம்பனியும் கேள்வி கேட்கும்.

இந்த இரண்டும் இல்லையென்றால் நிதானமாகப் பாருங்கள். கூரை ஓரத்தில், சொஃபிட் (வெளியே நீட்டிய கூரையின் அடிப்பக்கம்) வழியாகக் காற்று வரும் இடம் திறந்திருக்கிறதா, பகலில் ரோச்சை அணைத்தால் அங்கே வெளிச்சக் கீற்றுத் தெரிகிறதா? குளியலறை ஃபான் குழாய் கூரைக்கு வெளியே போகிறதா, அல்லது அட்டிக்கிற்குள்ளேயே வாயைத் திறந்து கிடக்கிறதா? நான் பார்த்த நண்பர் வீடொன்றில் அந்தக் குழாய் பஞ்சுக்கு மேல் சும்மா கிடந்தது. மாசி மாதத்தில் மேலே அடித்திருந்த ஆணிகளின் முனையெல்லாம் வெள்ளையாக உறைபனி பூத்திருந்தது, குளிக்கிற ஆவியெல்லாம் அங்கேதான். பூஞ்சணம் அப்படித்தான் பிடிக்கிறது. அதற்கு மருந்து குழாயைச் சரி செய்வது, இன்னும் இருபது பை பஞ்சு அல்ல.

வித்துப் பிழைக்காத ஒருவரைக் கூப்பிடுங்கள்

இன்சுலேஷன் விற்கிறவரே "இலவசப் பரிசோதனை" செய்தால் முடிவு என்னவென்று முன்கூட்டியே தெரியும். உங்களுக்கு வேண்டியது, விற்க எதுவும் இல்லாத ஆள்.

வீடு வாங்கும்போது எடுக்கிற இன்ஸ்பெக்‌ஷன் ஒன்று. 2021, 2022இல் போட்டிக்கு வீடு வாங்கினவர்கள் பலர் அந்த நிபந்தனையையே விட்டுவிட்டார்கள், பிறகு அழுதார்கள். எடுத்தவர்களும் அறிக்கையில் அட்டிக் பகுதியைப் படிப்பதில்லை. "வாசலில் இருந்து பார்க்கப்பட்டது" என்று ஒரு சின்ன வரி இருக்கும், அதன் அர்த்தம் உள்ளே போகவில்லை என்பதுதான். ஆளைப் பிடிக்கும்போதே கேளுங்கள்: முடிந்தால் உள்ளே போவீர்களா, நான்கு மூலையிலும் படம் எடுப்பீர்களா, ஈரம் பார்க்கிற மீட்டர் இருக்கிறதா? இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஒன்ராறியோவில் வீட்டு இன்ஸ்பெக்டர்களுக்கு லைசென்ஸ் வைக்கும் சட்டம் 2017இல் நிறைவேறியும் நடைமுறைக்கு வரவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2009இலும் அல்பேர்ட்டாவில் 2011இலும் வந்துவிட்டது. எனவே இங்கே ஆர்எச்ஐ (பதிவு பெற்ற வீட்டு இன்ஸ்பெக்டர்) மாதிரிச் சங்கப் பட்டம் இருக்கிறதா, தொழில் பிழைக்குக் காப்புறுதி இருக்கிறதா என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். வீடு விற்றுத்தருகிற முகவர் "என்னுடைய ஆள் ஒருவர் இருக்கிறார்" என்றால், நல்ல ஆளாகவும் இருக்கலாம், ஆனாலும் வேறொருவரை நீங்களே தேடுங்கள்.

மற்றது எனர்கைட் மதிப்பீடு, வீடு எவ்வளவு எரிசக்தியை வீணாக்குகிறது என்று அளப்பது. மத்திய அரசின் இயற்கை வளத் துறையில் பதிவு செய்த எனர்ஜி அட்வைசர் வருவார். முன் கதவில் துணிச் சட்டம் பூட்டி ஒரு பெரிய ஃபான் வைத்து, வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் வரும்படி காற்றை இழுப்பார். இதுதான் ப்ளோவர் டோர் பரிசோதனை. ஃபான் ஓடிக்கொண்டிருக்கும்போது அவரோடு வீட்டைச் சுற்றி நடவுங்கள். எங்கள் வீட்டில் அட்டிக் மூடியின் ஓரத்தில் கை வைத்தபோது ஜன்னல் திறந்தது மாதிரிக் காற்று அடித்தது, சீலிங்கில் பதித்த பொட் லைட்டுகளிலும் அப்படித்தான். பஞ்சு காற்றை நிறுத்தாது. முதலில் ஓட்டைகளை அடைத்து, அதற்கு மேல்தான் இன்சுலேஷன். இந்த வரிசை தெரியாத கொன்ட்ராக்டர் உங்கள் காசை ஊதித் தள்ளுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரசாங்க உதவிக்காசு எடுப்பதானால் வேலைக்கு முன் மதிப்பீடு, பின் மதிப்பீடு என்று கேட்கிற திட்டங்கள் உண்டு. முன் மதிப்பீடு இல்லாமல் வேலையை முடித்துவிட்டு ஓடித் திரிந்தவர்களை எனக்குத் தெரியும். திட்டங்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன: 5,000 டொலர் வரை கொடுத்த மத்திய அரசின் கிரீனர் ஹோம்ஸ் கிராண்ட் 2024இல் புதியவர்களுக்கு மூடிவிட்டது, ஒன்ராறியோவில் 2025 தையில் வேறொன்று தொடங்கியது. கதவில் நிற்கிறவர் சொல்வதைக் கேட்காமல் திட்டத்தின் சொந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

அரசாங்கப் பெயர் இருந்தால் வேலை நல்லதாக இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். 1970களின் கடைசியில் இங்கே அரசாங்கம் இன்சுலேஷனுக்குக் காசு கொடுத்தபோது, யூரியா ஃபோர்மல்டிஹைட் நுரையைச் சுவருக்குள் அடித்துத் தள்ளினார்கள், 1980 டிசம்பரில் அதையே தடை செய்தார்கள். நீங்கள் வீடு வாங்கக் கையெழுத்திட்ட ஒப்பந்தப் படிவத்தை எடுத்துப் பாருங்கள், அந்த நுரையைப் பற்றி ஒரு பந்தி இன்னும் இருக்கும். ஆஸ்திரேலியாவில் 2009இல் அவசரமாகத் தொடங்கிய திட்டத்தில், பயிற்சியில்லாமல் கூரைக்குள் ஏற்றப்பட்ட நான்கு இளம் பெடியன்கள் இறந்தார்கள். லண்டனில் இருக்கிற சொந்தக்காரருக்கும் சொல்லுங்கள்: 2025 ஒக்டோபரில் வந்த அங்கத்தைய தேசியக் கணக்காய்வு அறிக்கையின்படி, இரண்டு அரசுத் திட்டங்களின் கீழ் வெளிச்சுவருக்குப் போட்ட இன்சுலேஷனில் 98% வீடுகளில் திருத்த வேண்டிய பெரிய குறைகள்.

கொட்டேஷனை வாசிப்பது

மூன்று கொட்டேஷன் எடுங்கள். மூன்றிலும் "எத்தனை அங்குலம்" என்று மட்டும் இருந்தால் மூன்றும் குப்பை. ஊதுகிற ஃபைபர்கிளாஸ் அங்குலத்துக்கு ஏறக்குறைய ஆர்-2.5 தரும், செலுலோஸ் (கடதாசிப் பஞ்சு) ஏறக்குறைய 3.6 தரும். ஆர்-60க்கு முதலாவது 22, 24 அங்குலம் வேண்டும், இரண்டாவதற்குப் பதினேழு அளவில் போதும். ஆகவே சரக்கின் பெயர், ஆர் எண், சதுர அடி, பை எண்ணிக்கை நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். "ஆர்-60 வரை கொண்டுவருவது" ஒன்று, "ஆர்-60 சேர்ப்பது" வேறொன்று, எது என்று கேட்டு எழுதுவியுங்கள்.

"பில் பாதியாகும்" என்பார்கள். கணக்கைப் பாருங்கள்: சீலிங் வழியாகப் போகும் சூடு ஆர் எண்ணுக்குத் தலைகீழ். ஆர்-10 இருக்கிற பழைய வீட்டை 50 ஆக்கினால் அந்த வழியே போவது ஐந்தில் ஒன்றாகிவிடும், பெரிய வித்தியாசம். ஏற்கெனவே ஆர்-40 இருக்கிற வீட்டை 60 ஆக்கினால், முன்பே குறைவாகப் போய்க்கொண்டிருந்ததில் மூன்றில் ஒன்றுதான் குறையும். சுவர், ஜன்னல், பேஸ்மென்ட், காற்றோட்டம் எல்லாம் அப்படியே இருக்க பில் எப்படிப் பாதியாகும்? 2010க்குப் பிறகு கட்டிய வீட்டுக்காரர்கள் பலர் இந்த வேலையைச் செய்யாமலே விடலாம் என்பது என் அபிப்பிராயம்.

பழையதை அள்ளி எறிய வேண்டும் என்று இரண்டாயிரம், மூவாயிரம் சேர்ப்பார்கள். ஈரம், பூஞ்சணம், எலி அணில் அசுத்தம், வெர்மிகியூலைட் இவை எதுவும் இல்லையென்றால் பழையதன் மேலேயே ஊதலாம். செங்கல் சுவருக்குள் நுரை அடித்துத் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இங்கத்தைய புதிய வீடுகளில் செங்கலுக்குப் பின்னால் உள்ள இடைவெளி தண்ணீர் வடிந்து காய்வதற்கு விட்டது.

காசு: முற்பணம் 10%க்கு மேல் கொடுக்காதீர்கள். கொட்டேஷனில் போட்ட மதிப்பீட்டுக்கு மேல் 10%க்கு அதிகமாகக் கேட்கச் சட்டம் விடாது, நீங்கள் புதிதாக வேலை சேர்த்து எழுதிக் கையெழுத்திட்டால் தவிர. "காசாகத் தந்தால் எச்எஸ்டி இல்லை" என்கிற 13% விற்பனை வரி ஆசையில் விழுந்தால் ரசீதும் போய்விடும், பிறகு யாரோடு வழக்காடுவது? ரொறன்ரோ நகருக்குள் வீடு திருத்துகிற கொன்ட்ராக்டருக்கு நகராட்சி லைசென்ஸ் வேண்டும். வேலையாட்களுக்கு டபிள்யூஎஸ்ஐபி (வேலையிடக் காயக் காப்புறுதி) கிளியரன்ஸ், பொறுப்புக் காப்புறுதி இரண்டையும் பார்க்கக் கேளுங்கள். நேர்மையானவர் கோபிக்கமாட்டார், அதே நாளில் அனுப்பிவிடுவார்.

வேலை நடக்கிற நாள்

லீவு போடுங்கள். இதில் சமரசம் இல்லை.

லொறி வந்ததும் பைகளை எண்ணுங்கள், ஒரு பையின் முகத்தைப் படம் எடுங்கள். ஒவ்வொரு பையிலும் ஓர் அட்டவணை அச்சடித்திருக்கும்: இந்த ஆர் எண்ணுக்கு இவ்வளவு பரப்புக்கு இத்தனை பை, குறைந்தபட்சத் தடிப்பு இவ்வளவு. உதாரணத்துக்கு, உங்களுக்குச் சேர்க்க வேண்டிய ஆர் எண்ணின் வரியில் ஆயிரம் சதுர அடிக்கு 20 பை என்று போட்டிருந்தால், 1,100 சதுர அடி அட்டிக்கிற்கு 22 பை போக வேண்டும். வேலை முடிந்து முற்றத்தில் 13 வெறும் பைதான் கிடக்கிறது என்றால், மேலே உயரம் எவ்வளவு இருந்தாலும் சரக்கு இல்லை. மெஷினில் காற்றைக் கூட்டி விட்டால் பஞ்சு பொங்கும், பொரி மாதிரி. உயரம் வரும், அடர்த்தி வராது. அளவு நாடாவை ஏமாற்றலாம், பை எண்ணிக்கையை ஏமாற்றுவது கஷ்டம். முன்னைய வேலைகளில் மிஞ்சிய வெறும் பைகளைக் கொண்டுவந்து போட்டுக் காட்டிய கதையும் கேள்விப்பட்டிருக்கிறேன், அதனால்தான் முழுப் பையாக வரும்போதே எண்ணச் சொல்கிறேன்.

ஊதுவதற்கு முன் ஒரு தடவை நிறுத்தச் சொல்லி உள்ளே படம் கேளுங்கள்: ஓட்டைகள் அடைத்தாயிற்றா, சொஃபிட் ஓரத்தில் காற்றுக்கு வழிவிடுகிற பஃபிள் தட்டுகள் அடித்தாயிற்றா, புகைபோக்கியைச் சுற்றி இடைவெளி விட்டுத் தடுப்பு வைத்தாயிற்றா. அங்குலக் குறி போட்ட அட்டைகளைக் கடைசி மூலைகளிலும் மரத்தில் அடிக்கச் சொல்லுங்கள், வாசலுக்குப் பக்கத்தில் மட்டும் அடிப்பார்கள். முடிந்த பிறகு ஒவ்வொரு மூலையின் அட்டையும் தெரிகிற மாதிரிப் படம். மூடிக்கும் மேலே இன்சுலேஷன் ஒட்டி, ஓரத்தில் ரப்பர் பட்டி வைக்க வேண்டும். இதை மறக்காத கொன்ட்ராக்டரை நான் இன்னும் காணவில்லை.

ஒப்பந்தத் தொகையில் 10%ஐ 60 நாள் பிடித்து வைக்கும்படி ஒன்ராறியோவின் கட்டுமானச் சட்டமே சொல்கிறது. இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள், வாசலில் நின்று வாய்த்தர்க்கம் வேண்டாம்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால்

போனில் கத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை. படங்கள், பை எண்ணிக்கை, ஒப்பந்தம், வேறு ஒரு பரிசோதகரின் அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்து, எழுத்தில், திகதி போட்டு, இத்தனை நாளுக்குள் சரி செய்யுங்கள் என்று அனுப்புங்கள். பொய் சொல்லி விற்றார்கள் என்று காட்ட முடிந்தால், ஒப்பந்தம் போட்டு ஒரு வருடத்துக்குள் அதை முறித்துக்கொள்ள நுகர்வோர் சட்டத்தில் இடமுண்டு. கிரெடிட் கார்ட்டில் கட்டியிருந்தால் வங்கியோடு கதையுங்கள். மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கு முறைப்பாடு போடலாம். அதற்கும் மேலே ஸ்மோல் கிளெய்ம்ஸ் கோர்ட் இருக்கிறது, 2025 ஒக்டோபரில் இருந்து 50,000 டொலர் வரை அங்கே கேட்கலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. பிழையைக் கண்டுபிடித்ததில் இருந்து பொதுவாக இரண்டு வருடம் அவகாசம், தள்ளிப்போடாதீர்கள்.

நான் கோர்ட்டுக்குப் போகவில்லை. பதினொரு படமும் ஒரு பக்கக் கடிதமும் அனுப்பி, மூன்று வாரம் பேச்சுமூச்சில்லாமல் இருந்து, பிறகு அதே பெடியன் அதே லொறியில் வந்தான். முன்வாசலில் நின்று எண்ணினேன், பதினாறு பை. முடிந்ததும் வழக்கம் போல மூடியைத் திறந்து ரோச் அடித்து, "பாருங்கோ அண்ணை" என்றான். ரோச்சைத் தா தம்பி என்று வாங்கிக்கொண்டு மூலை வரைக்கும் தவழ்ந்து போனேன். இந்தத் தடவை அங்கேயும் இருந்தது.